சொந்தமாகச் செய்தது ஒன்று

சாயங்காலம் குமுளி மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கத் தொடங்கும்போதுதான் எங்கள் கடையில் வியாபாரம் சூடு பிடிக்கும். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போன பெண்கள் கூடலூர் மெயின் ரோட்டில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கடைக்கு வருவார்கள். தலையில் கட்டிய துண்டை இன்னும் அவிழ்த்திருக்க மாட்டார்கள். காலில் தோட்டத்து மண் காய்ந்து வெடித்திருக்கும். “யக்கா, எம் மகனுக்கு நாளைக்கு எரிமலை வேணுமாம்” என்பாள் ஒருத்தி. “எனக்கு அந்த மழைத்தண்ணி சேக்குற வீடு” என்பாள் அடுத்தவள். கத்தரிக்காய் அரைக் கிலோ போடு என்று கேட்கிற அதே குரல்தான். நானும் கத்தரிக்காய் நிறுத்துப் போடுகிறவள் போல எடுத்துக் கொடுப்பேன்.

கடையை ஆரம்பித்தபோது ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன் மெஷின், நோட்டு, பேனா, சார்ட் பேப்பர், அவ்வளவுதான் சரக்கு. மாடல் செய்து விற்கலாம் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பள்ளிக்கூடங்கள்தான் நினைக்க வைத்தன. பிள்ளைகள் வெறுமனே மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினால் போதாது, கையால் செய்து பார்த்துப் படிக்க வேண்டும், அதற்கும் மார்க் உண்டு என்று ஆனது. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் செய்வதை வீட்டில் செய்துகொண்டு வரச் சொன்னார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள்? அம்மா விடியுமுன் ஜீப் ஏறிவிடுகிறாள். அப்பா திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போயிருப்பார், இல்லையென்றால் எங்கேயாவது போயிருப்பார். பிள்ளையே செய்யட்டும் என்று விடலாம். ஆனால் மார்க் என்று வந்த பிறகு பிள்ளையின் கையை நம்ப யாருக்குத் தைரியம் வரும்? முதலில் ஒருத்தி கெஞ்சினாள், செய்து கொடுத்தேன். அடுத்த வாரம் அவளோடு ஜீப்பில் போகிறவர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள்.

நான் பி.எட். படித்தவள். படைப்பாற்றலை வளர்ப்பதில் ஆசிரியரின் பங்கு என்று எங்களுக்கு ஒரு பெரிய கேள்வி உண்டு. கட்டாயம் வரும் என்று சீனியர் அக்காக்கள் சொல்லி வைத்திருந்தார்கள். விடுதி மொட்டை மாடியில் நாங்கள் எல்லோரும் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு அந்தப் பதிலை உரக்க ஒப்பித்தோம். உட்தலைப்புகளை வரிசை மாறாமல் எழுத வேண்டும், வரிசை மாறினால் திருத்துகிறவர்களுக்குக் கஷ்டம் என்று அதையும் சொல்லித் தந்திருந்தார்கள். நான் வரிசை மாறாமல் எழுதினேன், நல்ல மார்க் வந்தது. அதில் சிரிப்பதற்கு ஏதாவது இருப்பதாக அப்போது எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

தகுதித் தேர்விலும் தேறினேன். வேலைதான் வரவில்லை. வரும் வரும் என்று இருந்த காலத்தில் எனக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது. பிறகு இரண்டும் வருவது நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கரண்ட் போன பிறகு மின்விசிறி கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டு இருக்குமே, அந்த மாதிரி நான் பாட்டுக்குக் கடையைத் திறந்தேன், மூடினேன், சமைத்தேன்.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். கடைக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் அவர் வண்டியில் போய் வருகிறவர்கள்தான். எங்களுக்கு ஒரே மகள். அரசு பெண்கள் பள்ளியில் படிக்கிறாள். பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்து, பையைக் கல்லாவுக்குக் கீழே தள்ளிவிட்டு என் பக்கத்தில் உட்காருவாள். முதலில் தெர்மாகோலை ஆடாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் அவள் வேலை. அப்புறம் வெட்டத் தொடங்கினாள். ஆறாம் வகுப்புக்கு வருவதற்குள் என்னைவிட நன்றாகச் செய்தாள். நான் செய்த எரிமலை கவிழ்த்து வைத்த இட்லிச் சட்டி மாதிரி இருக்கும். அவள் செய்ததில் பாறை தெரியும், பாறையில் வெடிப்பு தெரியும்.

நன்றாக இருந்ததுதான் வம்பாகிப் போனது. ஒருநாள் ஒரு பெண் தான் வாங்கிப் போன மாடலைத் திருப்பிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

“இது பிள்ள செஞ்சது இல்ல, கடையில வாங்குனதுன்னு டீச்சர் சொல்லிட்டாகக்கா. வாங்கவே மாட்டேன்னுட்டாக.”

மகள் அதைத் தன் பக்கம் இழுத்தாள். மரங்களில் இரண்டைப் பிடுங்கிச் சாய்த்து நட்டாள். வீட்டுக் கூரையில் பசையை வழியவிட்டு விரலால் இழுகினாள். பெயரட்டையைக் கிழித்துவிட்டு, வேறு அட்டையில் ஸ்கெட்ச் பேனாவை இடது கையில் பிடித்து எழுதினாள். எழுத்து ஓரத்துக்குப் போகப் போகச் சின்னதாகி, கடைசி எழுத்துக்கு இடம் இல்லாமல் கீழே இறங்கியது. “இப்பக் கொண்டுபோய்க் குடுங்கத்தே” என்றாள். மறுநாள் அந்தப் பெண் வந்து, டீச்சர் முதுகில் தட்டிக் கொடுத்தார்களாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு கோணலாகச் செய்வதே எங்கள் வழக்கமானது. மகள் அதைச் சீராக வகுத்து வைத்திருந்தாள். மூன்றாம் வகுப்புக்கென்றால் கலர் கோட்டைத் தாண்ட வேண்டும். ஐந்தாம் வகுப்புக்குக் கோட்டுக்குள் நிற்கலாம், ஆனால் ஒரு பக்கம் கட்டை விரல் ரேகை பதிந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பென்றால் எல்லாம் சரியாக இருந்து, ஏதாவது ஒரு பாகம் தலைகீழாக ஒட்டியிருக்க வேண்டும். ஒரே வகுப்பில் இரண்டு பேருக்குப் போகிறதென்றால் இரண்டும் ஒரே மாதிரி கோணலாக இருக்கக் கூடாது என்பதில் அவள் படு கறார். தேனியிலிருந்து தெர்மாகோல் கொண்டுவந்து போடுகிறவர் அவள் வேலையைப் பார்த்துவிட்டு, “ஆத்தாடி, இது பெரிய ஆளா வரும்” என்றார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அவள் வேலை செய்வதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் அரிக்கும். ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் செய்கிறாள். தனக்கென்று எதையும் செய்து நான் பார்க்கவில்லை. தரையில் கோலப்பொடி சிந்தினால்கூட அதில் விரல் வைத்துக் கிறுக்குகிற வயதில் கிறுக்கியவள்தான். இப்போது தெர்மாகோல் துண்டைக் கையில் கொடுத்தால் “இது யாருக்கு?” என்று மட்டும் கேட்கிறாள். என்னைப் போல ஆகிவிடுவாளோ என்று பயந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னால், பிள்ளை நல்லாத்தானே சாப்பிடுது என்பார்.

அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

“யம்மா, இந்தத் தடவ தலைப்பே கெடையாதாம். யாருக்கு என்ன தோணுதோ அதைச் செய்யணுமாம். கடையில வாங்குனா மார்க்குக் கெடையாதாம். எல்லா ஸ்கூல்லயும் அப்பிடித்தானாம்.”

சரி, கடையில் பாதி வியாபாரம் போயிற்று என்று நினைத்தேன். அதோடு, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. யாரோ ஓர் அதிகாரி உட்கார்ந்து உருப்படியாக யோசித்திருக்கிறார் என்றுகூட நினைத்தேன். அந்த நிம்மதி சாயங்காலம் ஜீப் வரும்வரை இருந்தது.

“யக்கா, சொந்தமாச் செஞ்சது ஒண்ணு குடுங்க” என்றாள் முதலில் வந்தவள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வாய்விட்டுச் சிரித்து வெகு காலம் ஆகியிருந்ததால் மகள் திரும்பிப் பார்த்தாள். வந்தவளுக்குக் கோபம்.

“எதுக்குச் சிரிக்கிறீக? கடையில வாங்குனா ஒத்துக்கிற மாட்டாகளாம். அதான், சொந்தமாச் செஞ்சதாப் பாத்து ஒண்ணு குடுங்கங்கேன்.”

“அதெப்பிடித்தா நான் குடுக்க முடியும்? உம் மக மனசுல என்ன தோணுதோ அதைச் செய்யணும்னுல்ல சொல்லியிருக்காக.”

“அதுக்கு என்னக்கா தோணும், சின்னப் பிள்ளைக்கு? நீங்களே நல்லதா ஒண்ணு தோணிக் குடுங்க. நாலு மணிக்கு எந்திரிக்கிறவளுக்கு எனக்கு இதெல்லாமா தோணும்?”

அவள் கேட்டதில் தப்பில்லை. பகலெல்லாம் குனிந்து காய் பறித்துவிட்டு வந்து நிற்பவளிடம் படைப்பாற்றல் பற்றிப் பேச நான் யார்? பின்னால் இன்னும் பல பேர் நின்றார்கள். எல்லோருக்கும் சொந்தமாகச் செய்தது ஒன்று வேண்டும். மகள் வேலையில் இறங்கினாள். ஒவ்வொருத்தியிடமும், “ஒங்க பிள்ளைக்கு என்னத்தே பிடிக்கும்?” என்று கேட்டாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி வெகு நேரம் யோசித்துவிட்டு “தூக்கம்” என்றாள். அந்தப் பிள்ளைக்கு மகள் ஒரு கரடிக் குகை செய்து கொடுத்தாள். இன்னொருத்திக்குப் பொக்லைன், இன்னொருத்திக்குப் பட்டாம்பூச்சி வளர்க்கிற வீடு. ஒரு வாரத்துக்குள் ஊரில் இருந்த அத்தனை பிள்ளைகளின் மனதிலும் தோன்றியதை அவள் ஒருத்தியே தோன்றிச் செய்து முடித்தாள். கோணலும் மாணலுமாகத்தான், வகுப்புக்குத் தக்கபடி.

அந்த நேரத்தில்தான் நான் ஜீப்பைப் பார்த்தேன். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால், பேப்பர் பண்டல் வைக்கிற இடுக்கில் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். பண்டல் எடுக்கக் கையை விட்டபோது ஏதோ அசைந்தது. எலியோ என்று பதறிக் கையை எடுத்துவிட்டேன்.

அட்டையில் செய்த ஜீப். அவள் அப்பாவுடையது, முன்பக்கம் இடது ஓரத்தில் நசுங்கியிருப்பதுகூட அப்படியே இருந்தது. உள்ளே பெண்கள். கம்பியை முறுக்கி உடம்பு, தையல் கடையில் பொறுக்கிய துணித் துணுக்கில் சேலையும் மேல்சட்டையும். மடியில் மடியாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரிடமும் கடலை அளவுக்கு ஒரு தூக்குப் பை. பேப்பர் கூழில் உருட்டிய தலைகள், தீர்ந்துபோன பேனாவுக்குள் இருக்குமே மெல்லிய ஸ்பிரிங், அதன் மேல் உட்கார்ந்திருந்தன. வண்டியை மேசையில் வைத்து மெல்ல வளைத்து ஓட்டினால் அத்தனை தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்தன. மறுபடி வளைத்தால் அந்தப் பக்கம் சாய்ந்தன. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறுகிற வளைவுகளில் அவர்கள் தூங்கிக்கொண்டு போவது அப்படித்தான். ஓரத்தில் இருந்தவளின் தலை மட்டும் நிமிராமல் பக்கத்தில் இருந்தவளின் தோளிலேயே கிடந்தது. அவளுக்கு ஸ்பிரிங் வைக்கவில்லை.

நான் அதை வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டே இருந்தேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் காது கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவளிடம் இருக்கிறது, போய்விடவில்லை என்று நினைத்தேன். சந்தோஷம் என்ற ஒன்று வந்தால் எப்படி இருக்கும் என்றே மறந்திருந்தேன்.

மகள் வந்து பார்த்ததும் முகத்தைச் சுருக்கினாள். “அதை ஏம்மா எடுத்தீக?”

“எப்பத்தா செஞ்ச இதை?”

“தீவாளியிலருந்து. அப்பப்ப.”

தீபாவளி என்றால் தலைப்பு கிடையாது என்ற அறிவிப்பு வருவதற்கு முன்பே. யாரும் கேட்கவில்லை, மார்க் இல்லை, அவள் பாட்டுக்குச் செய்திருக்கிறாள். கோணல் எங்கேயும் இல்லை.

அன்றைக்கு அவள் அப்பா வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்தார். ஜீப்பைக் கையில் தூக்கி முன்னும் பின்னும் பார்த்தார். “ஏலே, இங்கன பாருங்கலே” என்று ஸ்டாண்டில் நின்ற டிரைவர்களையெல்லாம் கூப்பிட்டார். தோளில் கிடந்த தலையைக் காட்டி, இது இன்ன தெருக்காரி, தினமும் இப்படித்தான் என்றார். ஒரு டிரைவர், “எல்லாம் சரித்தா, ஒங்கப்பன் தொப்பையக் காணமே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், மகளும்தான். அந்தச் சூட்டில் அவள் அப்பா சொன்னார், “இதையே ஸ்கூலுக்குக் கொண்டுபோத்தா. இதை விட்டா வேற என்ன வேணும் அவுகளுக்கு?”

“இது ஸ்கூலுக்கு இல்லப்பா.”

“சொந்தமாச் செஞ்சது கேக்குறாகள்ல? இது யாரு செஞ்சது, மந்திரியா வந்து செஞ்சாரு?”

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, அதனால் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை முதல் நடை முடித்துவிட்டு வந்து, அவரே ஜீப்பின் முன்சீட்டில் அந்தச் சின்ன ஜீப்பை மடியில் வைத்த மகளை உட்கார வைத்துப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டார்.

சாயங்காலம் அவள் அதைத் திருப்பிக்கொண்டு வந்தாள். “கடையில வாங்குனதாம்” என்றாள். பையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, யாருக்கோ பாதியில் விட்டிருந்த வேலையை எடுத்துக்கொண்டாள்.

நான் மறுநாள் பள்ளிக்கூடம் போனேன். அந்த டீச்சரை எனக்கு நன்றாகத் தெரியும். மேலதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் வகுப்பறையில் மாட்டுகிற அட்டைகளையெல்லாம் என்னிடம்தான் செய்து வாங்கிப் போவார்கள். நல்ல மனுஷி. எப்போதும் கட்டிப்போன தொண்டையோடுதான் பேசுவார்கள். மேசையில் ஒரு கையால் வருகைப் பதிவை முடித்துக்கொண்டே என்னை உட்காரச் சொன்னார்கள்.

“உங்க மகதான் செஞ்சிருக்கும், எனக்குத் தெரியாதாம்மா? ஆனா நான் போட்டோ எடுத்து ஆப்ல ஏத்தணும். மேல இருந்து பாக்குறவுகளுக்கு உங்க மகளைத் தெரியுமா? கடையில வாங்குனதை எதுக்கு ஏத்துனேன்னு என்னையத்தான் கேப்பாக. அதுவும் உங்களுக்குக் கடை வேற இருக்கு.”

“தலையெல்லாம் சாயுறதைப் பாத்தீகளா டீச்சர்?”

“பாத்தேன். வகுப்பே பாத்துச்சு. போட்டோல சாயாதுல்லம்மா?” என்று சொல்லிவிட்டு அவர்களே சிரித்துக்கொண்டார்கள். பிறகு குரலைத் தாழ்த்தினார்கள். “அதோட, இதுல கருத்துன்னு ஒண்ணு வேணும். என்ன கருத்துன்னு ஒரு கட்டம் இருக்கு, அது காலியா இருந்தா அடுத்ததுக்கே போகாது. பொம்பளைக தூங்கிக்கிட்டுப் போறதுல என்ன கருத்துன்னு நான் அடிக்க? சாலைப் பாதுகாப்புன்னு போடலாம். அப்பன்னா இம்புட்டுப் பேர் இருக்கக் கூடாது.”

நான் சொன்னேன், “டீச்சர், வாரத்துல ஒரு மத்தியானம் அட்டையும் கத்திரிக்கோலும் இங்கயே குடுத்து, இங்கயே செய்யச் சொன்னா என்ன? மார்க்கு இல்லாம, போட்டோ இல்லாம. அதுக பாட்டுக்குச் செய்யட்டும்.”

அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். “நீங்களும் பி.எட். படிச்சவுகதான. மார்க்கு இல்லாட்டி யாருங்க செய்வா?”

என் மகள் செய்தாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். அந்த அம்மாவிடம் கோபப்படக்கூட முடியவில்லை. எனக்கு வேலை கிடைத்திருந்தால் நானும் அந்த மேசையில் உட்கார்ந்து அதே கட்டத்தை நிரப்பிக்கொண்டிருப்பேன். எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டாம், வேறு ஏதாவது செய்து கொடு, கரடிக் குகை கூடப் போதும் என்றேன். அவள் கேட்கவில்லை. “எதுக்கும்மா ரெண்டு வேலை? இதுலயே மாத்திட்டாப் போச்சு” என்றாள். அப்போதே மேசையில் ஜீப்பை வைத்தாள். பெண்களை ஒவ்வொருவராக வெளியே எடுத்தாள். பசை போட்டு ஒட்டியிருந்ததால் பிய்க்கும்போது சிலருக்குச் சேலை கிழிந்தது. முன்னால் இரண்டு பேர், பின்னால் நான்கு பேர் மட்டும் இருந்தார்கள். அவர்களுடைய ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டுத் தலையை நேராக ஒட்டினாள், போட்டோவில் தூங்குகிற மாதிரித் தெரியக் கூடாது என்று. பின்சக்கரம் ஒன்றைக் கழற்றிச் சற்றே வெளியே தள்ளி மாட்டினாள். கூரையில் பசையை இழுகினாள். கடைசியாக இடது கையால் ஒரு பலகை எழுதி முன்னால் நட்டாள். அளவுக்கு அதிகமாக ஆட்களை ஏற்றாதீர்.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதால் பரவாயில்லை, எரிச்சல்பட்டால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. மற்றவர்களுக்குச் செய்யும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது முகம். எனக்கும் அழுகை வரவில்லை. என் வீட்டுக்காரர் வந்து பலகையைப் படித்தார். “இப்பிடி ஏத்துனா டீசலுக்குக்கூடக் கட்டாதே” என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை, அதை அவர் சொல்லவில்லை.

முழு மார்க் வந்தது. டீச்சர் படத்தை ஏற்றினார்கள், மேலே இருந்தவர்களுக்கும் பிடித்துப்போனது. தேனியில் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் செய்ததைப் பார்வைக்கு வைத்தபோது எங்கள் ஜீப்பும் போனது. அங்கே வந்த பெரியவர் ஒருவர் என் மகளின் தலையில் கை வைத்து, இதுதான் குழந்தையின் சொந்தக் கற்பனை, பெரியவர்கள் கை படாதது என்று மைக்கில் சொல்லிப் பரிசு கொடுத்தார். மகள் டீச்சர் எழுதிக் கொடுத்த விளக்கத்தை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள். பின்வரிசையில் உட்கார்ந்து நானும் கை தட்டினேன்.

அடுத்த வாரமே ஆட்கள் வந்துவிட்டார்கள். கம்பத்திலிருந்துகூட வந்தார்கள். “அந்தப் பிரைஸ் வாங்குன ஜீப்பு ஒண்ணு” என்று கேட்டார்கள். மகள் அட்டையில் அச்சு வெட்டி வைத்துக்கொண்டு ஜீப் ஜீப்பாகச் செய்தாள். ஆறு பேர், நேரான தலை, கோணல் சக்கரம், பலகை. கழற்றி வைத்த பெண்களும் வீணாகவில்லை. அடுத்த தடவை எங்கள் கிராமம் என்று தலைப்பு வாங்கி வந்த பிள்ளைகளின் மாடலில் அவர்களைக் கிணற்றடியிலும் வயலிலும் நிறுத்தி ஒட்டினாள். தோளில் தலை சாய்த்துக் கிடந்தவளை ஒரு மரத்தடியில் உட்கார வைத்தாள். அதை வாங்கிப் போனது யார் என்றுகூட எனக்கு நினைவில்லை.

முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் விட்டார்கள். மே மாதம் கடையில் ஈ ஆடாது. ஒரு மத்தியானம் மகள் சும்மா உட்கார்ந்து, வெட்டுக் கத்தியின் அலகை வெளியே தள்ளுவதும் உள்ளே இழுப்பதுமாக இருந்தாள். நான் மிச்சமிருந்த நல்ல அட்டையையும், ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்த பேனா ஸ்பிரிங்குகளையும் அவள் முன்னால் வைத்தேன். தையல் கடையில் கேட்டு வாங்கிய துணித் துணுக்குகளையும் வைத்தேன்.

“முன்னாடி செஞ்சேல்லத்தா, எல்லாரும் இருக்குற ஜீப்பு. அதை இன்னொண்ணு செய்யி.”

“யாரு கேட்டாக?”

“யாரும் கேக்கல. நம்ம வீட்டுக்குத்தான்.”

அவள் அட்டையைக் கையில் எடுத்தாள். புரட்டிப் பார்த்தாள். ஒரு ஸ்பிரிங்கை அமுக்கி விட்டாள். உண்மையாகவே யோசித்தாள், அது எனக்குத் தெரிந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

“வீட்டுக்குன்னா எப்பிடிம்மா இருக்கணும்?”

“ஒனக்குப் பிடிச்ச மாதிரி.”

அவள் தலையை ஆட்டினாள். நான் மேற்கொண்டு ஏதாவது சொல்வேன் என்று கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.